புத்தகப்படி கம்பத்தில் ஆள் இல்லை

எங்கள் மின் தொழிலாளர் சங்கக் கிளைக்கு ஐம்பது வயது ஆகிறதாம். பொன்விழா மலர் போடுகிறார்கள். இப்போதைய கிளைச் செயலாளர் ஜெசிந்தா போன வாரம் திண்டுக்கல்லில் என் வீட்டுக்கு வந்து, காபியைப் பாதி குடித்துவிட்டு விஷயத்துக்கு வந்தார்.

“அண்ணே, ரெண்டு பக்கம் போதும். நாம போராடி வாங்குனது, ஜெயிலுக்குப் போனது, இதையெல்லாம் எழுதிக் குடுங்க. படிக்கிற பிள்ளைகளுக்கு ஒரு உணர்ச்சி வரணும்.”

ஜெயிலுக்குப் போனது உண்மைதான். மறியல் செய்தோம், வேனில் ஏற்றினார்கள், ஒரு கல்யாண மண்டபத்தில் இறக்கினார்கள். மதியம் சாம்பார் சாதம், தொட்டுக்கொள்ள உருளைக்கிழங்கு. மின்விசிறிக்குக் கீழே படுத்துத் தூங்கினோம். மாலை ஆறு மணிக்கு எழுப்பி வீட்டுக்குப் போகச் சொன்னார்கள். இதைப் படித்து யாருக்காவது உணர்ச்சி வந்தால் எனக்குத் தெரியப்படுத்தவும்.

சரி, ஏதாவது எழுதித் தருகிறேன் என்று சொல்லி அனுப்பியிருப்பேன். கிளம்பும்போது ஜெசிந்தா ஒன்று சொன்னார். இப்போது வேலைக்காக மின்பாதையை நிறுத்தினால், மறுபடி கரண்ட் விடுவதற்கு வேலை செய்தவரின் கைபேசிக்கு ஒரு எண் வருகிறதாம். அந்த எண்ணைச் சொன்னால்தான் துணை மின்நிலையத்தில் சுவிட்சைப் போடுவார்களாம். “குஜிலியம்பாறைப் பக்கம் டவரே கிடைக்க மாட்டேங்குதுண்ணே. எல்லாரும் பழைய புத்தகமே தேவலைங்கிறாங்க. நீங்களும் மலர்ல அதைப் பத்தி நாலு வரி எழுதுங்க” என்றார்.

நாலு வரியில் முடியாது. அந்தப் பழைய புத்தகத்தைப் பற்றி எழுத என்னைவிடத் தகுதியானவர் இந்தக் கோட்டத்திலேயே கிடையாது. எழுதுகிறேன். பிறகு மலரில் போடுவதும் போடாததும் அவர்கள் பாடு.

நான் ஐ.டி.ஐ. முடித்து உதவியாளராகச் சேர்ந்தேன். மின்சாரத்தைப் பற்றிப் படித்தவனுக்கு முதல் இரண்டு வருஷம் கடப்பாரையைக் கொடுத்துக் குழி தோண்டச் சொன்னார்கள். பிறகு ஒயர்மேன், பிறகு லைன் இன்ஸ்பெக்டர். நடுவில் எப்போதோ சங்கத்தில் சேர்ந்து, என் கையெழுத்து அழகாக இருக்கிறது என்ற ஒரே காரணத்துக்காகக் கிளைச் செயலாளர் ஆனேன். அலுவலக வாசலில் இருந்த சங்கக் கரும்பலகையில் செய்தி எழுதுவதுதான் முக்கியமான வேலை.

எங்கள் பலகையில் சின்னச் செய்தியே கிடையாது. பிரிவு அலுவலகத்துக்கு ஒரு மின்விசிறி வந்தால் ‘மாபெரும் வெற்றி’. அது ஓடாமல் நின்றால் ‘நிர்வாகத்தின் அராஜகம்’. ஒருமுறை ‘மின் திருட்டைத் தடுப்போம்’ என்று பொதுக்கூட்டம் போட்டோம். மேடைக்கு வெளிச்சமும் மைக்கும் எங்கிருந்து வந்தன என்றால், எங்கள் ஆளே பக்கத்துக் கம்பத்தில் ஏறிக் கொக்கி போட்டிருந்தார். இரண்டு மணி நேரம் பேசினோம். ஒலி அருமையாக இருந்தது.

ரப்பர் கையுறைக்காக இரண்டு வருஷம் போராடினோம். வந்தது. வந்த அன்றே உதவிப் பொறியாளர் அதை அலமாரியில் வைத்துப் பூட்டினார். கம்பத்துக்குக் கொண்டுபோனால் கிழிந்துவிடுமாம். தணிக்கைக்கு ஆள் வரும்போது எடுத்து, தூசி தட்டி, மேசைமேல் பரப்பிவைப்போம். வந்தவர் எண்ணிப் பார்த்துத் திருப்தியாகப் போவார். இதையும் ‘மாபெரும் வெற்றி’ என்றுதான் எழுதியிருந்தேன்.

அந்த உதவிப் பொறியாளர் கந்தசாமி ஒட்டன்சத்திரத்துக்காரர். எங்கள் பிரிவு அலுவலகத்தின் பெயர் வேண்டாம். வடமதுரைக்கு அந்தப் பக்கம் என்று மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். அவர் கோபப்பட்டு நான் பார்த்ததில்லை. கடைநிலை ஊழியரையும் ‘ஏனுங்க’ என்றுதான் கூப்பிடுவார். ஆனால் எதையும் எழுத மாட்டார். “அந்தக் கம்பத்தைச் செத்த பாத்துப்போடுங்க” என்பார். எந்தக் கம்பம், எத்தனை பேர், யார் ஏறுவது, எதுவும் தாளில் இருக்காது. சட்டைப்பையில் இரண்டு பேனா வைத்திருந்தார், நீலம் ஒன்று, கறுப்பு ஒன்று. இரண்டுக்கும் மூடி கழன்று நான் கண்டதில்லை.

எழுதாததற்குக் காரணம் இருந்தது. எங்கள் பிரிவில் கம்பம் ஏறியவர்களில் பாதிப் பேர் ஒப்பந்தத் தொழிலாளிகள். விதிப்படி அவர்கள் கீழே நின்று கயிறு இழுக்கலாம், சாமான் தூக்கலாம். மேலே ஏறக் கூடாது. நடப்பில் மேலே ஏறியவர்கள் அவர்கள்தான். கீழே நின்று, “ஏலே, அந்தப் பக்கம் இறுக்கு” என்று சொன்னவர்கள் நாங்கள். அவர்களில் மூத்தவர் சவரிமுத்து. அப்போது அவருக்கு நாற்பத்து நாலு வயது. பதினாலு வருஷமாக எங்களோடு இருந்தார். ஒப்பந்தத் தொழிலாளிகளைப் பின்னால் நிரந்தரமாக்குவதற்கு ஒரு பட்டியல் இருந்தது. அதில் அவர் பெயர் ஏறியிருந்தது. அவர் குடும்பம் அந்தப் பட்டியலை நம்பித்தான் இருந்தது. எங்கள் சங்கத்தில் மட்டும் அவர் உறுப்பினர் இல்லை. நிரந்தர ஊழியர்தான் உறுப்பினராகலாம் என்பது எங்கள் விதி. உலகத் தொழிலாளர்கள் எல்லோரும் ஒன்றுசேர வேண்டும் என்று முழங்கும்போது அவர் சற்றுத் தள்ளி நின்று கேட்டுக்கொண்டிருப்பார்.

இனிப் புத்தகத்துக்கு வருகிறேன். மின்பாதையில் வேலை செய்ய வேண்டுமானால் ‘லைன் கிளியர்’ வாங்க வேண்டும். வேலை செய்யப்போகும் லைன் இன்ஸ்பெக்டர் துணை மின்நிலையத்துக்குப் போய்ப் புத்தகத்தில் எழுதிக் கையெழுத்துப் போடுவார். ஆபரேட்டர் அந்தப் பாதையை நிறுத்தி, ‘ஆட்கள் வேலை செய்கிறார்கள்’ என்ற அட்டையைச் சுவிட்சில் மாட்டுவார். வேலை முடிந்ததும் அதே லைன் இன்ஸ்பெக்டர் திரும்பப் போய், அதே பக்கத்தின் அடியில் இன்னொரு கையெழுத்துப் போட வேண்டும். அந்த இடத்தில் அச்சடித்திருக்கும்: ‘ஆட்களும் கருவிகளும் முழுவதும் அகற்றப்பட்டன. மின்சாரம் விடலாம்.’ இந்த இரண்டாவது கையெழுத்து இல்லாமல் ஆபரேட்டர் சுவிட்சைத் தொட மாட்டார். நல்ல ஏற்பாடு. யோசித்தவர் கெட்டிக்காரர்தான்.

எங்களைப் பற்றி அவருக்குத் தெரியாது, அவ்வளவுதான். துணை மின்நிலையம் எங்களுக்குப் பதினாலு கிலோமீட்டர். காலையில் ஒருமுறை போய்விட்டு, வெயிலில் மறுபடி யார் போவது? ஆகவே காலையிலேயே இரண்டு கையெழுத்தையும் போட்டுவிடுவோம். மேலே ஒன்று, கீழே ஒன்று. கீழே நேரம் மட்டும் காலியாக இருக்கும். வேலை முடிந்ததும் போன் செய்து, “முடிஞ்சிருச்சு, விடுங்க” என்றால் ஆபரேட்டர் நேரத்தை நிரப்பிக்கொள்வார். எனக்கு இதைக் கற்றுக்கொடுத்தவர் எனக்கு முந்தைய லைன் இன்ஸ்பெக்டர். நான் ஐந்து பேருக்குக் கற்றுக்கொடுத்திருக்கிறேன். வேலை தொடங்கும் முன்பே ஆட்களெல்லாம் இறங்கிவிட்டதாக உறுதி கொடுக்கும் வழக்கம் வேறு எந்தத் தொழிலிலாவது இருக்கிறதா என்று எனக்குத் தெரியாது.

அப்படித்தான் ஒருநாள் குஜிலியம்பாறை சாலையில், ஒரு கடலைக்காட்டு ஓரத்துக் கம்பத்தில் உடைந்த பீங்கான் இன்சுலேட்டரை மாற்ற வேண்டும். நான், ஒயர்மேன் தங்கவேல், சவரிமுத்து மூவர். ஒன்பதே காலுக்குப் புத்தகத்தில் இரண்டு கையெழுத்தையும் போட்டேன். கம்பியைத் தரையோடு இணைக்கும் எர்த் ராட் எங்கள் பிரிவில் ஒரு ஜோடிதான். தவறிக் கரண்ட் வந்தாலும் மேலே இருப்பவரைக் காப்பாற்றுவது அதுதான். அன்று அது வேறொரு வேலைக்குப் போயிருந்தது. அது இல்லாமல் வேலை தொடங்கக் கூடாது. தொடங்கினேன். ஒப்பந்தத் தொழிலாளிக்கு இடுப்பு பெல்ட் தர மாட்டார்கள்; என்னுடையதைக் கழற்றிக் கொடுத்தேன். அதைப் பெரிய மனசு என்று அப்போது நினைத்துக்கொண்டேன்.

துருப்பிடித்த நட்டு ஒன்று கழலாமல் இழுத்தடித்தது. பன்னிரண்டுக்கு முடிய வேண்டிய வேலை, மணி இரண்டைத் தொட்டது. சவரிமுத்து மேலே இருந்தபடியே குரல் கொடுத்தார்.

“அண்ணே, நீங்க ரெண்டு பேரும் சாப்பிடுங்க. கட்டுக்கம்பி சுத்துறதுதான் பாக்கி. செத்த நேரத்துல முடிச்சிட்டு வாரேன்.”

“வெஞ்சனம் என்னப்பு வேணும்? கத்திரிக்காயா, முட்டையா?” என்று தங்கவேல் கேட்டார்.

“முட்டையை ஒளிச்சு வைங்க” என்று மேலிருந்து பதில் வந்தது.

நாங்கள் புளியமரத்தடியில் உட்கார்ந்து டப்பாவைத் திறந்தோம். இரண்டு மணிக்குத் துணை மின்நிலையத்தில் ஆள் மாறினார்கள். காலை ஆபரேட்டர் அவசரமாகப் பஸ்ஸுக்குப் போய்விட்டார். பிற்பகல் ஆபரேட்டர் புத்தகத்தைப் பார்த்தார். கீழே என் கையெழுத்து, அழகாக. நேரம் மட்டும் இல்லை. முந்தையவர் மறந்துவிட்டார் என்று நினைத்து, பொறுப்பாக 1.50 என்று எழுதினார். அட்டையைக் கழற்றினார். சுவிட்சைப் போட்டார்.

வெடிச்சத்தம் கேட்டது. நிமிர்ந்து பார்த்தபோது சவரிமுத்து என் பெல்ட்டில் தலைகீழாகத் தொங்கிக்கொண்டிருந்தார். இடது கையிலிருந்து புகை வந்தது. துணை மின்நிலையத்துச் சுவிட்ச் தானாகவே விழுந்து கரண்ட் நின்றுவிட்டதால் உயிர் மிஞ்சியது. போன் செய்து, கரண்ட் இல்லை என்று உறுதி செய்துகொண்டு தங்கவேல் ஏறினார். கயிற்றில் கட்டி இறக்கினோம். நான் போட்ட முடிச்சு இரண்டு தடவை அவிழ்ந்தது.

ஆஸ்பத்திரி வாசலுக்குக் கந்தசாமி வந்தார். முதலில், “உசுரு இருக்குங்களா?” என்று கேட்டார். அடுத்து, “ஆரு பாத்தாங்க?” என்று கேட்டார். பிறகு அலுவலகத்துக்குப் போனோம். அங்கேதான் அந்த அதிசயத்தைக் கண்டேன். கறுப்புப் பேனாவின் மூடியைக் கழற்றினார். காவல் நிலையத்துக்குப் புகார் எழுதினார். ‘அடையாளம் தெரியாத நபர் ஒருவர், அலுமினியக் கம்பியைத் திருடும் நோக்கத்தோடு மின்கம்பத்தில் ஏறியபோது…’

“சார், அவரு நம்ம சவரிமுத்து சார்.”

“தெரியுமுங்க. ஆனா ஒப்பந்த ஆள் கம்பத்துல ஏறுனதா எழுதுனா எனக்கு வேலை போயிருமுங்க. கம்பத்துல ஆள் இருக்கறப்ப கையெழுத்துப் போட்டதா எழுதுனா உங்களுக்குப் போயிருமுங்க. புத்தகத்தைப் பாருங்க.”

பார்த்தேன். எல்லாம் ஒழுங்காக இருந்தது. 1.50க்கு வேலை முடிந்தது, ஆட்கள் இறங்கினார்கள், கரண்ட் விடப்பட்டது. புத்தகப்படி கம்பத்தில் ஆளே இல்லை. இருந்தால் அவர் திருடனாகத்தான் இருக்க முடியும். அதற்குச் சாட்சி என் கையெழுத்து.

“அவரு போட்டிருந்தது என் பெல்ட்டு சார். நம்பர் அடிச்சிருக்கு.”

அவர் கொஞ்சமும் யோசிக்கவில்லை. “பெல்ட்டையும் திருடிப்போட்டான்னு ஒரு வரி சேத்துக்கலாமுங்க” என்று சேர்த்தார்.

அன்று மாலை சங்க அறையில் செயற்குழு கூடியது. எங்கள் தலைவர் பிச்சைமணியிடம் நடந்ததை முழுதாகச் சொன்னேன். அவர் நல்ல மனிதர். கண் கலங்கினார். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு கணக்குப் போட்டார்.

“தோழர், அடுத்த மாசம் சங்கத் தேர்தல். கிளைச் செயலாளரே காலையிலேயே கையெழுத்துப் போட்டுட்டாருன்னா எதிர்ச் சங்கத்துக்காரன் சும்மா இருப்பானா? நம்ம உறுப்பினரா இருந்தா பரவாயில்லை, விட்டுக்குடுக்க முடியாது. அவரு உறுப்பினரே இல்லையே.”

ஆழ்ந்த வருத்தம் தெரிவித்துத் தீர்மானம் போட்டோம். பாதுகாப்புக் கருவிகள் வழங்காத நிர்வாகத்தைக் கண்டித்தோம். யாருக்காக வருத்தம் என்பது தீர்மானத்தில் இல்லை. ‘ஒரு தொழிலாளி’ என்று போட்டோம். கரும்பலகையில் நானே எழுதினேன். அடுத்த சில நாட்களில் மூன்று வாயிற்கூட்டங்கள் நடந்தன, திண்டுக்கல்லில் இரண்டு, தாடிக்கொம்பில் ஒன்று. மூன்றிலும் நான்தான் பேசினேன். தொழிலாளியின் உயிரைப் பற்றி நான் அவ்வளவு உருக்கமாக அதற்குமுன் பேசியதில்லை. தாடிக்கொம்பில் ஒருவர் மேடையேறித் துண்டு போர்த்தினார்.

ஆஸ்பத்திரிக்குப் போகவில்லை. போனால் என்ன சொல்வது என்று தெரியவில்லை. பயம். வேறு காரணம் எதுவும் இல்லை. எனக்கு இரண்டு பெண்கள், ஒருத்திக்கு நிச்சயம் ஆகியிருந்தது, ஓய்வுக்குப் பன்னிரண்டு வருஷம் இருந்தது என்றெல்லாம் எனக்குள் சொல்லிக்கொண்டேன். அத்தனையும் உண்மை. சவரிமுத்துவுக்கும் இரண்டு பிள்ளைகள் இருந்தார்கள்.

பத்தாவது நாள் அவருடைய மனைவி ஆரோக்கியமேரி சங்க அறைக்கு வந்தார். நூல் மில்லில் வேலை. தலையில் பஞ்சு ஒட்டியிருந்தது. சண்டை போடுவார் என்று எதிர்பார்த்துத் தயாராக இருந்தேன். அவர் உட்காரக்கூட இல்லை.

“அண்ணே, ரெண்டு விரலை எடுத்துட்டாக. போலீஸ்காரவுக கட்டிலுக்குப் பக்கத்துல நின்னுக்கிட்டு, ‘எம்புட்டு நாளா கம்பி திருடுறே’ன்னு கேக்குறாக. பட்டியல்ல இருந்து பேரை எடுக்கப் போறதா சொல்றாக. இவரு வாயே தொறக்க மாட்டேங்குறாரு. உங்க பேரையும் சொல்லலை. ‘அண்ணன் வந்து சொல்லுவாரு, நான் சொன்னா அவருக்குக் கெடுதலாயிரும்’கிறாரு. பள்ளிக்கூடத்துல பெரியவனைக் கம்பித் திருடன் மகன்னு கூப்பிட்டிருக்காக. அவன் ரெண்டு நாளாப் போகலை. நீங்க என்னைக்குண்ணே வருவீக? அதை மட்டும் சொல்லிருங்க, அவருக்கிட்டச் சொல்லணும்.”

‘நாளைக்கு’ என்றேன்.

மறுநாள் பதினோராவது நாள். செயற்பொறியாளர் விசாரணை நடத்திக்கொண்டிருந்தார். நான் வாக்குமூலத்தை என் கையாலேயே எழுதிக் கொடுத்தேன். ‘கம்பத்தில் இருந்தவர் சவரிமுத்து. ஏறச் சொன்னவன் நான். பெல்ட் கொடுத்தவன் நான். எர்த் ராட் இல்லை என்று தெரிந்தே வேலையைத் தொடங்கினேன். இரண்டாவது கையெழுத்தை ஒன்பதே காலுக்கே போட்டேன்.’ செயற்பொறியாளர் இரண்டு தடவை படித்தார். “உங்க சங்கத்துக்கு இது தெரியுமா?” என்று கேட்டார். கந்தசாமி மட்டும் வெளியே வந்து என் தோளைத் தொட்டு, “எழுதிப்போட்டீங்களே” என்றார். எழுத்து என்றால் அவருக்கு எப்போதும் அவ்வளவு வருத்தம்.

அதே வாசகத்தைக் கரும்பலகையிலும் எழுதினேன். ஒரு மணி நேரம்கூட இருக்கவில்லை. அழிக்கச் சொல்லி நிர்வாகம் ஆள் அனுப்பியது. ஆள் வருவதற்குள் எங்கள் தலைவரே அழித்துவிட்டார். சங்கமும் நிர்வாகமும் ஒரே கோரிக்கைக்காக ஒரே நாளில் இறங்கி, உடனடியாக வென்றது அந்த ஒருமுறைதான்.

மற்றதெல்லாம் வழக்கப்படி நடந்தது. என்னைத் தற்காலிகப் பணிநீக்கம் செய்து, ஒருபடி இறக்கிக் குஜிலியம்பாறைப் பக்கம் மாற்றினார்கள். உடல்நிலை காரணமாக நான் செயலாளர் பொறுப்பிலிருந்து விலகிவிட்டதாகப் பலகையில் யாரோ கோணல் எழுத்தில் எழுதியிருந்தார்கள். என் உடல்நிலை அப்போது நன்றாகத்தான் இருந்தது. கந்தசாமிக்கு ஒரு கண்டனக் கடிதம் கிடைத்தது, இரண்டு வருஷத்தில் பதவி உயர்வும் கிடைத்தது. தேர்தலில் எங்கள் சங்கம் தோற்றது. திருட்டுப் புகாரைத் திரும்பப் பெற்றார்கள். சவரிமுத்துவின் பெயர் பட்டியலில் நின்றது. சில வருஷம் கழித்து, எட்டு விரலோடு அவர் நிரந்தர உதவியாளர் ஆனார்.

அவர் நிரந்தரமானதும் உறுப்பினர் படிவத்தை எடுத்துக்கொண்டு அவர் வீட்டுக்குப் போனேன். சங்கம் என்னை மறுபடி சேர்த்துக்கொண்டிருந்தது, சாதாரண உறுப்பினராக. சவரிமுத்து நாற்காலி போட்டார். காபி வந்தது. ஆரோக்கியமேரி மிக்சர் வைத்தார். படிவத்தை நீட்டினேன். அவர் வாங்கி முழுக்கப் படித்தார்.

“நீங்க அன்னைக்குச் சொல்லலைன்னா நான் இன்னைக்கு இல்லைண்ணே. அதை மறக்க மாட்டேன். உங்க மேல எனக்குக் கோவமும் கிடையாது” என்றார். படிவத்தைப் பார்த்தபடியே தொடர்ந்தார். “ஆனா வார்டுல கதவு தொறக்குறப்பல்லாம் நீங்கதான்னு தலையத் தூக்கிப் பாப்பேன். சங்கத்துல இருந்து யாராச்சும் ஒருத்தர் வந்திருந்தாக்கூட தெம்பா இருந்திருக்கும். பதினோரு நாளுண்ணே.”

நான் காபியை எடுத்துக் குடித்தேன். அதைத்தான் செய்ய முடிந்தது.

“சேர மாட்டேன்னு சொல்லலை. உறுப்பினரோ இல்லையோ, எந்த ஆளு அடிபட்டாலும் அன்னைக்கே சங்கத்துல இருந்து ஒருத்தர் போயிக் கூட இருக்கணும்னு விதியில எழுதுங்க. எழுதுனதும் கொண்டாங்க, போடுறேன்.”

“கட்டாயம் எழுதிருவாங்க சவரிமுத்து. நான் பொறுப்பு. இப்பக் கையெழுத்தை மட்டும் போட்டுக் குடுத்துருங்க.”

அவர் சிரித்தார். படிவத்தை மடித்து என் சட்டைப்பையில் அவரே வைத்தார்.

“வேலை முடியிறதுக்கு முன்னாடி நான் கையெழுத்துப் போடுறதில்லைண்ணே.”

அடுத்த வாரமே அந்த விதியை எழுதிச் செயற்குழுவில் கொடுத்தேன். ஒருமனதாக வரவேற்றார்கள். கைதட்டினார்கள். அதற்குப் பிறகு நான் ஓய்வு பெற்று மூன்று வருஷம் ஆகிவிட்டது. விதி இன்னும் செயற்குழுவின் பரிசீலனையில் இருக்கிறது. சவரிமுத்து அடுத்த வருஷம் ஓய்வு பெறுகிறார்.